படத்தின் கீழே ஒரு பெயர்

நான் படம் பிடிக்கும் ஆசிரியன். அல்லது, ஆசிரியத் தொழிலும் பார்க்கும் படப்பிடிப்பாளன். இவ்விரண்டில் எது சரி என்று என் மாணவர்களைக் கேட்டால், திங்கட்கிழமைக் காலையில் வகுப்பில் நான் விடும் கொட்டாவிகளைச் சான்று காட்டி, பின்னதே சரி என்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் தமிழும் இலக்கியமும். சனி ஞாயிறுகளில் கழுத்தில் தொங்கும் கமரா. இப்படியாகச் சில ஆண்டுகள் கழிந்துவிட்டன.

கமராவின் மீது எனக்குக் காதல் ஏற்பட்டது பேராதனையில் படித்த காலத்திலாகும். ஆனால் அது கூலி வேலையாக மாறியது 2022ஆம் ஆண்டில். நாட்டின் பொருளாதாரம் நொறுங்கி, அரிசியும் பால்மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத உயரத்துக்கு ஏறிய அந்நாட்களில், ஆசிரியச் சம்பளத்தைக் கொண்டு மாதத்தின் மூன்றாம் வாரத்தைத் தாண்டுவதே பெரும்பாடாயிற்று. நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த நண்பர் ஒருவர், "வார இறுதியில் வந்து கைகொடுங்கள் மாஸ்டர்" என்றார். போனேன். கலைக்காகப் போனேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், போனது பால்மாவுக்காக.

அந்த ஸ்டூடியோ நண்பரின் தந்தையார் காலத்தது. பின்சுவரில் இன்றும் அந்தப் பழைய திரை தொங்குகிறது: ஒரு தடாகம், இரண்டு அன்னங்கள், எந்த நாட்டுக்கும் உரியதல்லாத ஒரு மாளிகையின் தூண்கள். திரைக்கு அருகே ஓர் ஆணியில் கறுப்புக் கோட்டு ஒன்று. ஒரு காலத்தில் படம் பிடிக்க வந்த தோட்டத்து ஆண்கள் எல்லாரும் அந்த ஒரே கோட்டைத்தான் அணிந்து நின்றார்கள். எங்கள் லயத்தின் காம்பராக்களில் மாட்டியிருந்த பாட்டன்மாரின் படங்களைச் சிறுவயதில் பார்த்து, நம் முன்னோர் எல்லாரும் எவ்வளவு வசதியாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று நான் எண்ணியதுண்டு. ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தக் கோட்டின் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறமாயிருப்பதைக் கண்டேன். எங்கள் வீட்டுப் படத்தில் என் பாட்டனார் அணிந்திருந்த கோட்டிலும் மூன்றாவது பொத்தான் மற்றவற்றைவிட வெளிறியிருந்தது நினைவுக்கு வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கோட்டுப் படம் ஒரு வகை. மற்றொரு வகையும் அந்த ஸ்டூடியோவின் பழைய பெட்டிகளில் இருந்தது. தகரப் பெட்டி நிறையக் கடவுச்சீட்டுப் படங்களின் நெகட்டிவ்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மந்தையைப் பிரிப்பவனுக்கும் தலைகளை எண்ண வேண்டும். மனிதரைப் பிரிப்பவனுக்கோ முகங்களும் வேண்டியிருந்தன. ஆகவே மலைநாட்டு நகரங்களின் ஸ்டூடியோக்களில் கூட்டம் நிறைந்தது. அந்தப் படங்களில் கோட்டு இல்லை, அன்னம் இல்லை, சிரிப்பும் இல்லை. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் நேரே பார்த்தபடி இருக்கிறார்கள். 'ஒப்பாரிக் கோச்சி' என்று எம்மவர் பெயரிட்ட அந்த ரயிலில் ஏறுவதற்கு முன் அவர்கள் பிடித்த கடைசிப் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

தாம் எப்படி இருக்க விரும்பினார்களோ அதைக் காட்டுவது கோட்டுப் படம். அரசு அவர்களை எப்படிக் காண விரும்பியதோ அதைக் காட்டுவது கடவுச்சீட்டுப் படம். அவர்கள் உண்மையில் எப்படி இருந்தார்கள் என்பதைக் காட்டும் மூன்றாவது வகைப் படம் ஒன்று அந்தப் பெட்டிகளில் இல்லை. அதை நான்தான் எடுக்கப்போகிறேன் என்ற இறுமாப்பு எனக்குள் முளைத்தது அப்போதுதான்.

நிற்க. இன்றைய ஸ்டூடியோவுக்குச் சோறு போடுபவை இவை இரண்டுமல்ல. திருமண வெளிக்களப் படப்பிடிப்புகளே. மணமக்கள் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருவார்கள். ஒருவருக்குத் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் ரயில் வரும் நேரத்தில் படம் வேண்டும். இன்னொருவருக்கு டெவன் நீர்வீழ்ச்சியின் பின்னணி வேண்டும். பழைய ஆங்கிலேயச் சினிமாப் பாணியில் குடையும் தொப்பியும் கேட்பவருண்டு. வர்ணப் புகை கேட்பவருண்டு. வானத்தில் பறக்கும் கமராவால் பச்சைக் கம்பளத்தின் நடுவே வெள்ளைப் புள்ளியாய்த் தாம் தெரிய வேண்டுமென்று கேட்பவருமுண்டு. இவற்றை நான் இழிவாகக் கூறவில்லை. வாழ்க்கையில் ஒருநாள் அழகாயிருக்க விரும்புவது குற்றமன்று. என் பாட்டனார் கோட்டு அணிந்ததும் அதற்காகவே. இந்தப் பணியில் நான் கற்ற நுட்பங்களும் பல. மூடுபனி வெளிச்சத்தை எவ்வாறு மெதுமெதுப்பாக்கும், காலை ஏழு மணிக்குத் தேயிலைச் சரிவின் நிழல் எங்கே விழும், வெட்கப்படும் மணமகளைப் பேச்சுக்கொடுத்துச் சிரிக்கவைப்பது எப்படி என்பன அவற்றுட் சில.

ஆனால் நண்பர் முதல் நாளே ஒரு விதி சொல்லியிருந்தார்: "எந்தக் கோணத்தில் எடுத்தாலும் சரி மாஸ்டர், படத்துக்குள் லயம் மட்டும் வரக்கூடாது."

வாடிக்கையாளர் விரும்பமாட்டார் என்பதே காரணம். அதில் அவர்மீது குறையில்லை. ஆனாலும் மலைநாட்டில் தேயிலையைப் படம் பிடித்துக்கொண்டு லயத்தை விலக்குவது எளிதன்று. கமராவை இரண்டு பாகை திருப்பினால் தகரக் கூரை தெரியும். மூன்று பாகை திருப்பினால் கொடியில் துணி தெரியும். சற்றே தாழ்த்தினால் பீலியடியில் குடத்தோடு நிற்கும் பெண்கள் தெரிவார்கள். நான் பிறந்த இடத்தைப் படத்துக்குள் வராமற் பார்த்துக்கொள்வதில் நான் மிகுந்த தேர்ச்சி பெற்றேன். ஊதியமும் பெற்றேன்.

இனி, நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

2023ஆம் ஆண்டு, தென்மேற்குப் பருவமழைக் காலம். ஒரு சனிக்கிழமை, தோட்ட நிருவாகத்தின் அனுமதி பெற்று, மணமக்கள் இருவரை ஒரு மலைக்கு அழைத்துப் போயிருந்தோம். மணமகன் வீட்டார், கொழுந்து பறிக்கும் பெண்கள் பின்னணியில் வரிசையாய் நின்றால் நன்றாயிருக்கும் என்றார்கள். கங்காணியிடம் சொல்லி ஐந்து பெண்களை நிறுத்தினோம். இடுப்பில் அவர்கள் கட்டியிருந்த படங்கு அழகைக் கெடுக்கிறது என்று யாரோ சொல்ல, அதையும் அவிழ்த்து வைத்தார்கள். மழைத்தூறலில் அவர்களுடைய சேலை நனைந்தது. மணமக்கள் சிரித்தார்கள், பின்னால் அவர்களும் சிரித்தார்கள்.

திருமணப் படம் முடிந்தது. ஆனால் நான் முடிக்கவில்லை. அந்த ஐவருள் மூத்தவரின் முகம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஐம்பதைத் தாண்டிய முகம். நெற்றியில் கூடைக் கயிறு பதித்த தழும்பு. கன்னத்துச் சுருக்கங்களில் மழைநீர் வழிந்து நின்ற விதத்தை என்னவென்பது! மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பக்கமாய் வந்த வெளிச்சம், பெரிய ஓவியர்கள் யன்னலோரத்தில் தேடி அலையும் வெளிச்சம். "பெரியம்மா, இன்னும் ஒருமுறை பறிங்க." பறித்தார். "இன்னும் ஒருமுறை, முகத்தை இந்தப் பக்கம்." திரும்பினார். "அப்படியே நில்லுங்க." நின்றார். நேரத்தை நான் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் நான் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்தமை நாடெங்கும் நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியே, மக்கள் நடந்தார்கள். கருத்தரங்குகளும் கண்காட்சிகளும் பலவாயின. மலையக முகங்களுக்கு அந்த ஆண்டைப்போல் ஒருபோதும் கிராக்கி இருந்ததில்லை. ஒரு கண்காட்சிக்கு நானும் அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 'மலையகத்தின் முகம்' என்று தலைப்பிட்டு அனுப்பினேன். பரிசும் கிடைத்தது: 25,000 ரூபா.

திறப்பு நாளில் ஒருவர் கேட்டார்: "இந்த அம்மாவின் பெயர் என்ன?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்குப் பதிலாக, நான் படித்த படிப்பு எனக்குக் கைகொடுத்தது. அகப்பாட்டில் எவருடைய இயற்பெயரையும் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபென்றும், பெயரைச் சுட்டாமையால்தான் அந்த உணர்வு எல்லாருக்கும் பொதுவாகிறதென்றும், இந்த முகமும் அவ்வாறே ஒரு சமூகத்தின் முகமாகிறதென்றும் நான் விளக்கினேன். கேட்டவர் தலையசைத்தார். அருகில் நின்ற சிலர் பாராட்டினார்கள். அன்றிரவு பஸ்ஸில் திரும்பும்போது, அந்த விளக்கத்தை நானே இன்னும் இருமுறை எனக்குள் சொல்லி மகிழ்ந்தேன்.

மறு ஆண்டு, 2024இல், பத்தாம் ஆண்டு மாணவர் சிலரைப் பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றேன். தேயிலைக்கு நடுவே அமைந்த சிறிய கற்கோயில் அது. அதன் முற்றத்தில் உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர் புதையுண்டு கிடக்கிறார் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. ஜூலியா மார்கரட் கமரன் என்பது அவர் பெயர். 'கமரா பிடித்த கமரன்' என்று மாணவர்கள் சிரித்தார்கள். அதனால் பெயர் மறக்காது என்று நானும் விட்டுவிட்டேன்.

1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவ்வம்மையார், 48ஆவது வயதில், மகள் பரிசளித்த கமராவைக் கொண்டு படம் பிடிக்கத் தொடங்கினார். கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது உலர்ந்துபோவதற்குள் படமெடுத்துக் கழுவவேண்டிய காலம் அது. முன்னால் இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டும். கவிஞர் டெனிசன், அறிஞர் டார்வின், வானியலாளர் ஹெர்ஷல் ஆகியோர் அவ்வாறு அசையாதிருந்தார்கள். வீட்டுப் பணிப்பெண்களை அவர் கன்னி மரியாளாகவும் காவியத் தலைவியராகவும் வேடம் புனைந்து நிறுத்தினார். முகத்தை நெருங்கி, சிறிது கலங்கலாக, உள்ளிருந்து ஒளி வருவதுபோல் எடுக்கும் அவருடைய பாணியை அன்றைய படப்பிடிப்பாளர் பலர் தொழிற்குறை என்று பழித்தனர். இன்று அதுவே அவர் புகழ்.

அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், நம் சரித்திரப் பாடநூலில் வரும் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தின் கமரனேதான். இராஜகாரிய முறையை ஒழிக்கப் பரிந்துரைத்த ஆணைக்குழுவைச் சேர்ந்த அதே மனிதர், இந்நாட்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் உரிமையாளரானார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1875இல், இருவரும் இங்கே குடிபெயர்ந்தனர். களுத்துறையில் மகனோடு வாழ்ந்த நாட்களில் அம்மையார் இந்நாட்டு மக்களைப் படம் பிடித்தார். இங்கு எடுத்தவற்றுள் ஏறக்குறைய முப்பது படங்களே எஞ்சியுள்ளன. 1879 சனவரியில் டிக்கோயாத் தோட்டமொன்றில் அவர் காலமானார்.

களுத்துறையில் அவரைச் சந்தித்த ஓவியர் மேரியன் நோர்த் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு மனிதனின் முதுகு அழகாயிருக்கிறதென்பதற்காக, அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி அம்மையார் மகனை வற்புறுத்தினாராம். அந்த வீட்டில் தோட்டமே இல்லை! இதைச் சொன்னபோது மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதன் உழைத்து உழைத்துப் பெற்ற முதுகு. அதில் அவருக்குத் தெரிந்தது அழகு மட்டும். எனக்குத் தெரிந்தது மட்டும் என்ன?

பிறகு, அச்சிட்டுக் கொண்டுபோயிருந்த ஒரு படத்தை மாணவர்களிடம் கொடுத்தேன். 'களுத்துறைக் குடியானவர்' என்று 1878இல் அவர் பெயரிட்ட படம் அது. ஒரு முதியவர், ஓர் இளைஞர், ஒரு சிறுமி. சிறுமிக்கு 12 வயதென்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்றும் தமக்கு 100 வயதென்றும் கூறிக்கொள்கிறார் என்றும் அம்மையார் குறிப்பெழுதியிருக்கிறார்.

மாணவி ஒருத்தி படத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வயசெல்லாம் கேட்டு எழுதியிருக்காங்க. பேரு என்னன்னு கேக்கலியா சேர்?"

"கேட்கவில்லைப் போலிருக்கிறது" என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, குற்றஞ்சாட்டும் தொனி சிறிதுமின்றி, சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க அம்மாயி படத்துலயும் பேரு இல்லதானே சேர்."

அந்த முகம் அவளுடைய அம்மாயியினுடையது. ஓராண்டாக அவள் என் வகுப்பில் முன்வரிசையில் இருந்திருக்கிறாள், நான் அறியவில்லை. கண்காட்சிப் படம் யாருடைய கைத்தொலைபேசியிலோ லயத்துக்கு வந்து, எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்றையும் அவள் சொன்னாள். அன்று நிறுவையில் கொழுந்து குறைந்து, அம்மாயிக்கு அரைப்பேர்தான் விழுந்ததாம்.

தோட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குறித்த அளவு கிலோ பறித்தால்தான் ஒரு நாட்பேர், குறைந்தால் அரைப்பேர். பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 1,000 ரூபா. நான் கலை படைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தின் விலை 500 ரூபா. அதைக் கொடுத்தவர் அவர். 25,000 ரூபா பெற்றவன் நான். உழைப்பவர் ஒருவர், பலனைக் கொள்பவர் இன்னொருவர் என்று மேடையில் நான் எத்தனை முறை பேசியிருக்கிறேன்! அந்த இன்னொருவரின் கழுத்தில் ஒரு கமரா தொங்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய காம்பராவுக்குப் போனேன். பரிசுப் பணத்தில் பாதியை ஒரு கடித உறையில் வைத்திருந்தேன். வாசலில் பாய் விரித்து, தேநீர் தந்தார். நான் தட்டுத்தடுமாறி விடயத்தைச் சொல்லி உறையை நீட்டினேன். அவர் பணத்தை எண்ணினார். 500 ரூபாவை எடுத்துக்கொண்டு, மீதியை உறையோடு திருப்பித் தந்தார்.

"அரைப்பேருக்கு இவ்வளவு கெடையாது தம்பி. இது என் காசு, வாங்கிக்கிறேன். அது நீங்க வச்சிக்கங்க."

எனக்குப் பேச்சு எழவில்லை. அவரே தொடர்ந்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மழையில நனைஞ்ச கோழி மாதிரி இருக்கேன். எனக்கு ஒரு நீலச் சேல இருக்கு. அதக் கட்டிக்கிட்டு, நாற்காலியில உக்காந்து ஒரு படம் வேணும். கீழ பேரு எழுதணும். சரியா எழுதணும்."

'சரியா' என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னதன் காரணம் பின்னர்தான் விளங்கியது. அவருக்கு மூன்று பெயர்கள் இருந்தன. பிறப்புப் பதிவில் ஓர் எழுத்துக் குறைவு. செக்ரோலில், என்றோ ஒரு கணக்கப்பிள்ளை தன் கைக்கு எளிதாகச் சுருக்கிய பெயர். அடையாள அட்டையில், தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போய்த் திரும்பத் தமிழுக்கு வந்தபோது உருமாறிய பெயர். வேலையிலிருந்து விலகி ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோது, மூன்றும் ஒருவர்தானா என்று கேட்டுப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிறுவயது முதல் மலை ஏறிச் சேர்த்த பணம், ஓர் எழுத்தின் பிழையால் எங்கோ கிடந்தது.

"நீங்க தமிழ் வாத்தியாருதானே. நீங்களாவது சரியா எழுதுங்க."

என் பட்டத்துக்கு அதைவிடக் கடினமான பரீட்சையை எந்தப் பேராசிரியரும் வைத்ததில்லை.

அன்றிரவு நான் எண்ணிப் பார்த்தேன். அகப்பாட்டு பெயரை மறைப்பது, காதலர் இருவரின் மானத்தை ஊராரின் அலரிலிருந்து காப்பதற்கும் ஆகும். அந்த மறைப்பு ஒரு மரியாதை. நான் மறைத்ததோ, கேட்கத் தோன்றாமையால். இரண்டையும் ஒன்றென்று நான் கண்காட்சியில் வாதித்தது கல்வியின் துர்ப்பிரயோகம். தம் பெயர் தொலைந்துபோன சங்கப் புலவரைக்கூட, 'செம்புலப்பெயனீரார்' என்று அவருடைய சொல்லாலேயே அழைத்து, 'ஆர்' விகுதி சேர்த்து மதித்த மரபு நம்முடையது. பெயர் தெரிந்த ஒருவரை, அவர் அருகில் நின்றுகொண்டே பெயரற்றவராக்கியவன் நான்.

படம் எடுத்தேன். அன்னத் திரை இல்லை, மூடுபனியும் இல்லை. அவருடைய காம்பராவின் வாசல், நீலச் சேலை, நாற்காலி. எங்கே எப்படி இருக்க வேண்டுமென்பதை அவரே தீர்மானித்தார். லயம் முழுவதும் படத்துக்குள் வந்தது. கீழே அவர் சொல்லச் சொல்ல, எழுத்தெழுத்தாகக் கேட்டு, பெயரை எழுதினேன். அந்தப் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். அவர் கேட்டது தம் சுவரிலுள்ள படத்தில் எழுதும்படி, பத்திரிகையில் எழுதும்படியல்ல. இம்முறை கேட்டு அறிந்தபின் எழுதாமல் விடுகிறேன். முன்பு கேளாமலே விட்டேன். இந்த வேறுபாட்டைக் கற்க எனக்கு ஓராண்டும் அவருக்கு அரைப்பேரும் செலவாயின.

மூன்று பெயரும் ஒருவரே என்பதற்கான சத்தியக் கடதாசிக்கும் கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதத்துக்கும் அவருடைய மகளும் நானும் பல நாள் அலைந்தோம். 2025இல் படிவம் ஏற்கப்பட்டது. இதைச் சாதனையாகச் சொல்லவில்லை. ஒருவருடைய படிவம் ஏற்கப்பட்டதால் தோட்டங்களில் குவிந்து கிடக்கும் பெயர்ப் பிழைகள் தீர்ந்துவிடமாட்டா. அதற்குத் தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இருக்கிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்லலாம் என்று எண்ணுகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு முன் மாணவரின் அடையாள அட்டை விண்ணப்பங்கள் நம் கைகளின் ஊடாகத்தான் போகின்றன. கட்டாக வாங்கி, கட்டாக அனுப்பி, கையெழுத்திட்டு முடிக்கும் வேலையாகவே நானும் அதைச் செய்துவந்தேன். இப்போது ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அழைத்து, பிறப்புச் சான்றிதழையும் விண்ணப்பத்தையும் பக்கத்தில் வைத்து, மும்மொழியிலும் எழுத்தெழுத்தாகப் பார்க்கிறேன். இலக்கணம் கற்றதன் பயன் இதில்தான் முதன்முதலாக எனக்குத் தெளிவாய்த் தெரிந்தது.

வார இறுதி வேலையை நான் விடவில்லை. பால்மா விலை அதற்கு இடந்தரவில்லை. ஆனால் கொழுந்து மலையில் எவரையும் வேலை நேரத்தில் நிறுத்துவதில்லை என்றும், நிறுத்தினால் கூலி கொடுக்க வேண்டுமென்றும் நண்பரிடம் சொன்னேன். முதலில் முணுமுணுத்தார், பிறகு கட்டணப் பட்டியலில் அதற்கென ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார். லயம் படத்துக்குள் வரலாமா என்பதில் மட்டும் நாங்கள் இன்னும் தர்க்கித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் காம்பராவுக்கு அண்மையில் மீண்டும் போனேன். சுவரில், கறுப்புக் கோட்டு அணிந்த அவருடைய தகப்பனாரின் படத்துக்குப் பக்கத்தில், நீலச் சேலைப் படம் தொங்குகிறது. தகப்பனாரின் படத்தின் கீழே வெறுமையாயிருந்த சட்டத்தில், பேத்தி ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, தன் கையெழுத்தில் அவருடைய பெயரையும் எழுதி வைத்திருந்தாள்.